முயல் ஒட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிப்போம்

ஈஸ்டர் நெருங்கினால் போதும், ஞாயிறு பள்ளிகளிலும் கிறிஸ்தவ வீடுகளிலும் ஒரு வேலை ஆரம்பமாகிவிடும். இணையத்தில் 'ஈஸ்டர் கிராஃப்ட்' என்று தேட வேண்டியது. வந்த படத்தை அச்செடுத்து, பிள்ளைகள் கையில் கத்தரிக்கோலையும் பசையையும் கொடுத்து உட்கார வைக்க வேண்டியது. பஞ்சு ஒட்டிய முயல், முட்டை வடிவத்தில் அட்டை, அதன்மேல் ஜிகினாத் தூள், பக்கத்தில் ஒரு மஞ்சள் கோழிக்குஞ்சு. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். போட்டி என்று ஒன்று வைத்துவிட்டால் அந்த அரை மணி நேரமும் பிள்ளைக்குக் கிடைக்காது, முயலை அம்மாவே செய்து கொடுத்துவிடுவார்!

அந்தப் பிள்ளையிடம் போய் "ஈஸ்டர் என்றால் என்ன?" என்று கேட்டால் "முயல் முட்டை கொண்டுவரும்" என்றுதான் சொல்லும். அதைக் குறை சொல்லி என்ன பயன்? அதன் கைக்கு நாம் கொடுத்தது அதுதானே.

கைவேலையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்குப் பிரசங்கம் காதில் ஏறாது, கை செய்தது மட்டும் மனதில் நிற்கும். அதனால்தான் எதைச் செய்யச் சொல்கிறோம் என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. என்னைப் பொறுத்தவரை, ஈஸ்டருக்காகச் செய்கிற கைவேலையில் பெரிய வெள்ளிக்கிழமையும் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்றை மூடிவைப்பதும், அது திறக்கிற வரை காத்திருப்பதும் இருக்க வேண்டும். அது இல்லாத கைவேலை வெறும் அலங்காரம். அதிலும் நம் ஊருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வசந்தகாலத்தின் அலங்காரம்.

முயல் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். நான்கு சுவிசேஷங்களிலும் முயல் கிடையாது. 1682-ல் கியோர்க் ஃபிராங்க் ஃபான் ஃபிராங்கெனாவ் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஈஸ்டர் முட்டைகளைப் பற்றி லத்தீனில் ஒரு கட்டுரை எழுதினார். அல்சாஸ் பகுதியில் முயல் முட்டையிட்டுத் தோட்டத்தில் ஒளித்து வைக்கும் என்று குழந்தைகளுக்குச் சொல்லும் வழக்கம் இருந்ததை அதில் குறிப்பிடுகிறார். பிறகு ஜெர்மானியக் குடியேறிகளோடு கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போனது முயல். அங்கிருந்து சாக்லேட் கடைகள் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

அந்த ஊர்களில் இதற்கு ஓர் அர்த்தம் உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். பனி உருகி, பகல் நீண்டு, மாதக்கணக்கில் முட்டையிடாமல் இருந்த கோழி திரும்ப முட்டையிட ஆரம்பிக்கிற காலம் அது. வயலில் முயல்கள் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். செத்துக் கிடந்த மண் உயிர்பெறுவதைப் பார்த்துவிட்டு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுவது அந்தக் குழந்தைக்குச் சுலபமாகப் புரியும்.

நம் நிலைமை என்ன? ஈஸ்டர் மார்ச் 22-லிருந்து ஏப்ரல் 25-க்குள் எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் வரலாம். நமக்கு அது பங்குனி, சித்திரை. வேப்பமரம் பூத்திருக்கும், மாமரத்தில் காய் தொங்கும், கிணறு வற்ற ஆரம்பித்திருக்கும். தலையைப் பிளக்கும் வெயிலில் உட்கார்ந்து "வசந்தம் வந்தது, முயல் வந்தது" என்று பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கிறோம். ஆஸ்திரேலியாவின் கூத்து இன்னும் பெரியது. அங்கே ஈஸ்டர் வருவதே இலையுதிர் காலத்தில். 1859-ல் ஒருவர் வேட்டைக்காக அவிழ்த்துவிட்ட முயல்கள் பெருகி நாட்டையே மேய்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். 1991-ல் முயலுக்குப் பதிலாக பில்பி என்ற தங்கள் நாட்டுப் பிராணியை ஈஸ்டர் சின்னமாக்க வேண்டும் என்று ஓர் இயக்கமே தொடங்கினார்கள். இப்போது சாக்லேட் பில்பிகள் விற்கின்றன. பாவம், பில்பிக்கும் சுவிசேஷத்தில் இடமில்லை!

ஆனால் முட்டையை நான் முயலோடு சேர்த்துத் தள்ளமாட்டேன். முட்டைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பழைய ஐரோப்பாவில் லெந்து நாட்களில், கத்தோலிக்கர் தவக்காலம் என்கிறார்களே, அந்த நாட்களில் இறைச்சியோடு முட்டையும் விலக்கு. கோழிக்கு லெந்து நாள் தெரியுமா? அது பாட்டுக்கு முட்டையிடும். சாப்பிட முடியாத முட்டைகள் வீட்டில் சேர்ந்துகொண்டே போகும். ஈஸ்டர் அன்று அதை உடைத்துத் தின்பதே ஒரு கொண்டாட்டம். 1290-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில் 450 முட்டைகளுக்கு 18 பென்ஸ் செலவு எழுதியிருக்கிறது. வண்ணமும் தங்கத் தகடும் பூசிப் பரிவாரத்துக்குக் கொடுப்பதற்காக. ஆக, அந்த முட்டைக்குப் பின்னால் நாற்பது நாள் பசி இருந்தது. நாம் பசியை விட்டுவிட்டு வண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கிரேக்கர்கள் இதை இன்னும் விடவில்லை. பெரிய வியாழனன்று முட்டைகளைச் சிவப்பாகச் சாயம் ஏற்றுவார்கள். சிவப்பு கிறிஸ்துவின் இரத்தத்துக்கு அடையாளம். அதை உடனே தொடக்கூடாது. வெள்ளி, சனி இரண்டு நாளும் அது தட்டில் இருக்கும், பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சனிக்கிழமை நள்ளிரவு ஆராதனை முடிந்து 'கிறிஸ்து உயிர்த்தார்' என்று வாழ்த்திக்கொண்ட பிறகுதான் முட்டையோடு முட்டையை மோதி உடைப்பார்கள். உடைகிற ஓடு கல்லறை. யார் முட்டை உடையவில்லையோ அவருக்கு அதிர்ஷ்டம் என்று விளையாட்டும் உண்டு. பாருங்கள், சாயம் போடுகிற வேலை ஒரு மணி நேரம்தான். பாடம் இருப்பது அந்த இரண்டு நாளில்.

நான் படித்ததிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது உக்ரைனியர்களின் பிசாங்கா. 'எழுதுவது' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்த பெயர். முட்டைமேல் தீட்டுவதில்லை, எழுதுகிறார்கள். சிறிய புனல் பொருத்திய ஒரு குச்சியில் தேன்மெழுகை உருக்கி, வெள்ளை முட்டைமேல் கோடுகள் போடுவார்கள். பிறகு மஞ்சள் சாயத்தில் முக்குவார்கள். எங்கே மஞ்சள் நிற்க வேண்டுமோ அங்கே மறுபடி மெழுகு. அடுத்து சிவப்பு, மறுபடி மெழுகு. கடைசியில் கருப்புச் சாயம். இப்போது கையில் இருப்பது அசிங்கமான ஒரு கரிக்கட்டை. உள்ளே என்ன எழுதினோம் என்பது எழுதியவருக்கே சரியாகத் தெரியாது. அதை மெழுகுவர்த்திச் சுடரின் ஓரத்தில் பிடித்து, உருகும் மெழுகைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தால், வெள்ளையும் மஞ்சளும் சிவப்பும் ஒவ்வொன்றாக வெளியே வரும். இதற்குமேல் அந்தப் பிள்ளைக்கு எந்த ஆசிரியர் வந்து ஈஸ்டரை விளக்க வேண்டும்? 2024 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. போருக்கு நடுவிலும் அந்த நாட்டுக் குடும்பங்கள் இதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் நாமும் பிசாங்கா செய்யலாமா? செய்யலாம், தப்பில்லை. ஆனால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பதுதான் என் வாதம். நம் கையிலேயே ஒன்று இருக்கிறது. நாம்தான் அதைக் கைவேலை என்ற கணக்கில் சேர்ப்பதில்லை.

குருத்தோலையைச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, குருத்தோலை ஞாயிறு. இயேசு எருசலேமுக்குள் கழுதையின்மேல் வந்தபோது மக்கள் கிளைகளைப் பிடித்து வரவேற்றதன் நினைவு. நான்கு சுவிசேஷங்களில் யோவான் மட்டும்தான் அது பேரீச்சை இனத்து ஓலை என்று சொல்கிறார். பேரீச்சை முளைக்காத குளிர் நாடுகளில் கையில் கிடைத்ததைப் பிடித்தார்கள். ரஷ்யாவில் வில்லோ மரத்தின் குச்சி. போலந்தில் வில்லோவோடு காய்ந்த பூக்களையும் புல்லையும் கட்டி ஆள் உயரத்தைத் தாண்டிச் செய்கிறார்கள். அங்கே லிப்னிட்சா முரோவானா என்ற ஊரில் 1958-லிருந்து உயரமான 'ஓலை'க்குப் போட்டியே நடக்கிறது. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தென்னையும் பனையும் வாசலிலேயே நிற்கின்றன. பனை நம் மாநில மரம் வேறு!

கோயில் முடிந்து கையில் ஓலையோடு வெளியே வருகிற கூட்டத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பெரியவர்கள் பேசிக்கொண்டே நிற்பார்கள். அவர்கள் விரல் மட்டும் சும்மா இருக்காது. ஈர்க்கை உரித்துப் போட்டுவிட்டு, அந்த நாடாவை மடக்கி, நுழைத்து, இழுத்து, பார்க்காமலேயே ஒரு சிலுவை செய்துவிடுவார்கள். பிறகு ஒரு மீன், ஒரு கிளி, சின்னப் பிள்ளைக்கு ஒரு மோதிரம். இதற்கு அச்செடுத்த தாள் கிடையாது, அளவு கிடையாது. கல்யாணப் பந்தலிலும் கோயில் திருவிழாவிலும் குருத்தோலைத் தோரணம் பின்னுகிற அதே கைதான் இங்கே சிலுவை பின்னுகிறது. மதம் மாறினாலும் மடிப்பு மாறவில்லை.

பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது பஞ்சு ஒட்டுவது மாதிரி அல்ல. முதல் நான்கு ஓலை கிழியும். குருத்து இளசாக இருந்தால் வழுக்கும், காய்ந்திருந்தால் ஒடியும். மேலே நுழைப்பதா கீழே நுழைப்பதா என்று விரல் திணறும். பக்கத்தில் உட்கார்ந்து தாத்தாவோ அத்தையோ மறுபடி மறுபடி பிரித்துக் காட்ட வேண்டும். அந்த நேரத்தில்தான் கதை சொல்ல இடம் கிடைக்கிறது. "இந்த ஓலையைப் பிடிச்சு ஓசன்னான்னு கத்தின ஊர்தான் அஞ்சே நாள்ல சிலுவையில அறையச் சொல்லுச்சு" என்று சொல்லிக்கொண்டே அதே ஓலையைச் சிலுவையாக மடக்குவதைவிடப் பெரிய காட்சிப் பாடம் எனக்குத் தெரியவில்லை. பச்சையாக ஆரவாரம் செய்த பொருளே சிலுவையாகிறது. வேறு அட்டை வேண்டாம், பசை வேண்டாம்.

இதோடு முடிந்துவிடவில்லை என்பதுதான் இதன் சிறப்பு. ஓலைச் சிலுவையை வீட்டில் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். பச்சை வெளுக்கும், மஞ்சளாகும், பழுப்பாகும். கத்தோலிக்கக் கோயில்களில் அடுத்த வருடம் தவக்காலத்துக்கு முன்னால் பழைய ஓலைகளைச் சேர்த்து எரித்து, அந்தச் சாம்பலைத்தான் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசுகிறார்கள். (சி.எஸ்.ஐ. பக்கம் சாம்பல் புதன் என்பார்கள்.) தான் பின்னிய ஓலை, ஒரு வருடம் கழித்துச் சாம்பலாகித் தன் நெற்றிக்கே திரும்பி வருகிறது என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்தால் அது எப்படி யோசிக்கும்! அரை மணி நேரக் கைவேலை எங்கே, ஒரு வருடக் கைவேலை எங்கே. நாமோ ஓலையைத் திங்கட்கிழமை குப்பையில் போட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை முயல் படம் தேடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. மேல்நாடுகளில் 'உயிர்ப்புத் தோட்டம்' என்று ஒன்று செய்கிறார்கள். அகலத் தட்டில் மண் பரப்பி, ஒரு சிறிய சட்டியைச் சாய்த்துக் குகை மாதிரி வைத்து, வாயிலில் ஒரு கல். சுற்றிலும் விதை தூவி நீர் தெளித்தால் ஈஸ்டருக்குப் பச்சை பிடித்திருக்கும். இது அப்படியே நம் வீட்டுக்குப் பொருந்துகிற வேலை. அகலத் தட்டுக்குப் பழைய தாம்பாளம், குகைக்கு ஒரு சின்ன மண் கலயம், விதைக்கு வெந்தயம். ஊறவைத்த வெந்தயத்தைக் குருத்தோலை ஞாயிறன்று விதைத்தால், நம் வெயிலுக்கு அடுத்த ஞாயிறுக்குள் தலைகாட்டிவிடும். வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து வந்து கல்லை நகர்த்திக் கலயத்தின் வாயை அடைத்துவிட வேண்டும்.

இதைப் பார்த்தவுடன் நமக்கு முளைப்பாரி ஞாபகம் வரவில்லையா? வெளிச்சம் படாத அறையில் நவதானியத்தை முளைக்கவிட்டு, அந்த வெளிறிய மஞ்சள் முளைகளைத் தலையில் சுமந்து அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோகிற நம் கிராமத்துப் பெண்களைப் போலவே, சிசிலியிலும் சார்டினியாவிலும் கோதுமையை இருட்டில் முளைக்கவைத்து, பெரிய வியாழனன்று நற்கருணை வைக்கிற பீடத்தைச் சுற்றி வைக்கிறார்கள். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. மண்ணுக்குள் போன விதையைப் பற்றி உழவனுக்குத் தெரிந்தது எல்லா ஊரிலும் ஒன்றுதான். கோதுமை மணி நிலத்தில் விழுந்து சாவதைப் பற்றி இயேசுவும் பேசியிருக்கிறார்.

அடுப்படி வேலைகளும் உண்டு. அமெரிக்க வீடுகளில் சனிக்கிழமை இரவு ஒரு பிஸ்கட் செய்கிறார்கள். பருப்பைப் பையில் போட்டுப் பிள்ளை அடித்து நொறுக்க வேண்டும், சிப்பாய்கள் அடித்ததன் நினைவாக. வினிகரை முகர்ந்து பார்க்க வேண்டும், சிலுவையில் கொடுத்த காடிக்காக. கண்ணீருக்கு ஒரு சிட்டிகை உப்பு நாக்கில். பிறகு முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, சூடாக்கி அணைத்த ஓவனில் வைத்து, கதவில் டேப் ஒட்டி முத்திரையிட்டுவிட்டுத் தூங்கப் போக வேண்டும். காலையில் எடுத்துக் கடித்தால் உள்ளே வெற்றிடம். நல்ல யோசனைதான். நம் கடலோரக் காற்றின் ஈரத்தில் அது பிசுபிசுத்துப் போகாமல் இருந்தால் சரி. முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரி என்றால் நமக்குத் தூத்துக்குடி மக்ரூன் இருக்கிறது, செய்து பார்க்க நினைப்பவர்கள் அந்த ஊர்க்காரர்களிடம் பக்குவம் கேட்டுக்கொள்வது நல்லது.

இதே மாதிரி மாவுக்குள் மார்ஷ்மெல்லோ மிட்டாயை வைத்துச் சுட்டு, அது உருகி மறைந்துபோவதைக் 'காலியான கல்லறை' என்று காட்டுகிற ரொட்டி ஒன்றும் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. "அப்போ இயேசு உருகிப் போயிட்டாரா?" என்று பிள்ளை கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்? பிள்ளைகள் உவமையை நம்மைவிடக் கறாராகப் பிடித்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு மறுப்பு வரும், எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளிடம் சாவு, கல்லறை, ஆணி என்று பேசலாமா, பயந்துவிடாதா, பெரியவர்களான பிறகு சொல்லிக்கொள்ளலாமே என்பார்கள். முயலும் முட்டையும் பாதுகாப்பானவை என்று நினைத்துத்தான் பல பெற்றோர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த அக்கறையை நான் கேலி செய்யவில்லை. ஆணியையும் இரத்தத்தையும் விலாவாரியாக வரைந்து வண்ணம் தீட்டச் சொல்கிற தாள்களும் இருக்கின்றன, அவை முயலைவிட மோசம்.

ஆனால் நம் பிள்ளைகள் சாவைப் பார்க்காதவர்களா? தெருவில் பறையடித்துப் பூ இறைத்துக்கொண்டு பாடை போகும்போது திண்ணையில் நின்று பார்க்கிறவர்கள்தானே. பாட்டி இறந்தபோது வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்ததைச் சுற்றி ஓடியவர்கள்தானே. பாட்டி எங்கே போனார் என்று அப்போது அவர்கள் கேட்ட கேள்விக்கு "சாமிகிட்ட போயிட்டாங்க" என்று ஒரு வரி சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட்டோம். ஈஸ்டர் என்பது அந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவர்கள் சொல்கிற பதில். கேள்வியை மறைத்துவிட்டுப் பதிலை மட்டும் ஜிகினா தூவிக் கொடுத்தால் அது எதற்கான பதில் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? விதையை மண்ணில் புதைப்பதும், கலயத்தின் வாயைக் கல்லால் அடைப்பதும் பயமுறுத்துகிற வேலைகள் அல்ல. சாவைப் பிள்ளையின் கைக்குள் அடங்குகிற அளவில் கொடுக்கிற வேலைகள்.

வேலைக்குப் போகிற பெற்றோருக்கு ஒரு வாரம் ஓலையும் வெந்தயமுமாக உட்கார நேரமில்லை என்பது நியாயமான மறுப்பு. எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. ஓலை ஒன்று போதும், அதற்கு ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம் போதும்.

வெந்தயத் தட்டு வைக்கிறவர்களுக்கு மட்டும் இரண்டு விஷயம். முளைக்காவிட்டால், தயவுசெய்து இரவோடு இரவாக வேறு செடியைக் கொண்டுவந்து நட்டு வைக்காதீர்கள். பிள்ளை கண்டுபிடித்துவிடும். இன்னொரு பிடி விதையை ஊறப்போட்டு, "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்" என்று சொல்லுங்கள், ஈஸ்டர் காலம் எப்படியும் ஐம்பது நாள் நீள்கிறது. அப்புறம் அந்தச் சனிக்கிழமை. உள்ளே என்ன இருக்கிறது என்று கல்லை நகர்த்திப் பார்க்கலாமா என்று பிள்ளை கண்டிப்பாகக் கேட்கும். கூடாது என்று சொல்லிவிடுங்கள். சுற்றி இருக்கிற மண்ணுக்குத் தண்ணீர் தெளிக்கலாம். அவ்வளவுதான், அன்றைக்கு வேறு வேலை கிடையாது.